மேட்டில் திணறும் வண்டி

போர்ட் பிளேயரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. ஊரின் மேடு பள்ளம் மாறவில்லை. ஜங்லிகாட்டில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறினால் மோட்டார் சைக்கிள் திணறும். என்ன செய்யலாம்?

செயினைப் பாருங்கள். என்ஜின் பக்கம் சின்னப் பல்சக்கரம். பின் டயர் பக்கம் பெரியது. பற்களை எண்ணுங்கள். அப்போது என்ஜின் ஓடக் கூடாது. விரல் போய்விடும்!

சின்னதில் 14 பல், பெரியதில் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. சின்னது மூன்று சுற்று சுற்றினால் டயர் ஒரு சுற்று சுற்றும்.

சின்னதை மாற்றி 13 பல் போட்டால்? சுமார் மூன்றேகால் சுற்று ஆகும். இழுவை 100-க்கு 8 பங்கு கூடும். மேடு ஏறுவது எளிது. ஆனால் சமதளத்தில் அதே வேகத்தில் போக என்ஜின் அதிகம் சுற்ற வேண்டும். பெட்ரோல் செலவு கூடலாம். சுமை ஏற்றாதவருக்கு இந்த மாற்றம் வேண்டாம்.

பெரியதில் 45 பல் போட்டாலும் ஏறக்குறைய இதே பலன்தான். ஆனால் செயின் நீளம் போதாமல் போகலாம்.

தீவில் உப்புக் காற்றும் மழையும் செயினைத் துருப்பிடிக்க வைக்கும். பல் தூண்டில் முள் போல வளைந்துவிட்டதா? இரண்டு சக்கரங்களையும் செயினையும் சேர்த்தே மாற்றுங்கள். வளைந்த பல் புதுச் செயினையும் கெடுத்துவிடும்.

செயினில் 428, 520 என்று எண் இருக்கும். முதல் எண் 4 என்றால் கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம். 5 என்றால் அதைவிடக் கூடுதல். பழையதில் 428 இருந்தால் புதியதும் 428-தானா என்று கடையிலேயே படித்துப் பாருங்கள்.