700 ஏக்கருக்கு ஒரு கூடாரம்

இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் என் அக்காள் மகன், உடவளவைக் காட்டோரத்துக் கூடார விடுதி ஒன்றில் வேலைக்குச் சேரப் போகிறான். தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தவன் முதலில் கேட்டது சம்பளத்தைப் பற்றி அல்ல. "ஏன் மாமா, எம்பிலிப்பிட்டியவுல நல்ல நல்ல ஹோட்டலு கெடக்கு. இவங்க எதுக்குக் கான்வஸ் துணிக்குள்ள படுக்க இம்புட்டு காசு குடுக்குறாங்க?"

கேள்வியில் நியாயம் உண்டு. சப்ரகமுவைக்குக் கூடாரம் புதிதல்ல. 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தபோது உயிர் தப்பியவர்கள் நெடுநாள் கூடாரங்களில்தான் கிடந்தார்கள். வீடு போனபிறகு கிடைப்பதுதான் நமக்குத் தெரிந்த கூடாரம். அதைத் தேடி ஒருவர் கடல் கடந்து வருகிறார், அதற்குக் காசும் கொடுக்கிறார் என்றால் நம் பிள்ளைக்கு எப்படிப் புரியும்? இந்தத் தொழில் வளர்ந்த இடம் ஆபிரிக்கா. ஆகவே அங்கிருந்தே அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன்.

பொட்ஸ்வானா நாட்டுக்குள் பாய்ந்துவரும் ஒகவாங்கோ ஆறு கடலுக்குப் போவதில்லை. வறண்ட மணல்வெளியில் விசிறி போல விரிந்து சதுப்புநிலமாகி அங்கேயே வற்றிப்போகிறது. 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் 1000ஆவது இடமாகச் சேர்ந்தது அந்தச் சதுப்புநிலம்தான். அங்குள்ள நல்ல கூடார முகாமில் ஒரு ஆளுக்கு ஓர் இரவுக்கு 1000 டொலரைத் தாண்டுவது சாதாரணம். நம் காசில் சுமார் மூன்று லட்சம் ரூபா. சாப்பாடு, குடிவகை, காலையும் மாலையும் காட்டுக்குள் கூட்டிப்போவது, உடுப்புத் தோய்த்துக் கொடுப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

போய்ச் சேருவதே ஒரு பெரிய வேலை. கென்யாவாக இருந்தால் நைரோபியின் வில்சன் விமான நிலையத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறும் செஸ்னா காத்திருக்கும். ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையில். சில்லு வைத்த சூட்கேஸ் அந்த விமானத்தின் வயிற்றுக்குள் போகாது. இறங்குவது மண் ஓடுபாதையில். வரிக்குதிரை குறுக்கே மேய்ந்தால் ஜீப் ஓட்டி விரட்டுவார்கள், இல்லாவிட்டால் விமானி ஒருமுறை தாழப் பறந்து கலைத்துவிட்டு மறுபடி வருவார். வெள்ளம் ஏறிய காலத்தில் ஒகவாங்கோ முகாம்கள் பலவற்றுக்குப் பாதையே கிடையாது. கோழிமுட்டை வேண்டுமானாலும் மின்பிறப்பாக்கிக்கு டீசல் வேண்டுமானாலும் வானத்தாலோ தண்ணீராலோதான் வரவேண்டும். குப்பை திரும்பிப் போவதும் அதே வழியில். விலையில் ஒரு பங்கு இந்தப் போக்குவரத்துக்கே போய்விடும்.

"சரி, கூடாரத்துக்குள்ள என்னதான் இருக்கு?" என்றான்.

பலகை மேடை போட்டு அதன்மேல் தடித்த கான்வஸ் இழுத்துக் கட்டியிருப்பார்கள். நான்கு பக்கமும் பூச்சிவலை, வாசலுக்குக் கதவுக்குப் பதிலாக ஜிப். உள்ளே கட்டில், வெள்ளை விரிப்பு, எழுதுமேசை. பின்பக்கம் குளியலறை. இப்போது பல இடங்களில் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் பழைய முறையை விடாத முகாம்கள் இருக்கின்றன. 20 லீற்றர் பிடிக்கும் கான்வஸ் பையைக் கப்பியில் தூக்கிக் கட்டி, விறகில் காய்ச்சிய தண்ணீரை வெளியில் ஒருவர் ஊற்றி நிரப்புவார். உள்ளே நிற்பவர் சங்கிலியை இழுத்தால் தண்ணீர் விழும். சவர்க்காரம் போட்டுக்கொள்ள இடையில் நிறுத்தவேண்டும், மறந்தால் நுரையோடு நிற்கவேண்டியதுதான். பீலியில் குளித்து வளர்ந்த நமக்கு இதில் என்ன சொகுசு என்று சிரிப்பு வரும். வாளித் தண்ணீரில் குளிப்பதல்ல அங்கே சொகுசு. காட்டின் நடுவே, சொன்ன நேரத்துக்கு, சொன்ன சூட்டில் ஒருவர் அந்தத் தண்ணீரைக் கொண்டுவருகிறாரே, காசு அதற்குத்தான்.

விடியற்காலை ஐந்தரைக்கு ஆள் வந்து வாசலில் நின்று மெல்லக் கூப்பிடுவார். கையில் தட்டு, அதில் தேத்தண்ணியோ கோப்பியோ, இரண்டு பிஸ்கட். நம் தோட்டத்துப் பங்களாவில் துரை எழும்புமுன் அப்பு கொண்டுபோய் வைத்த அதே தட்டுதான் இது. அங்கேயும் இங்கேயும் பழக்கிவிட்டவர்கள் ஒரே வெள்ளைக்கார ஆட்கள். கென்யாவில் அந்தத் தேயிலையும் பெரும்பாலும் உள்ளூர்ச் சரக்குத்தான். மசாய் மாராவுக்கு வடக்கே கெரிச்சோ மலைகளில் கண்ணுக்கெட்டும் தூரம் தேயிலை. உலகச் சந்தையில் நமக்குப் பெரிய போட்டியே கென்யாதான், ஆனால் அவர்கள் செய்வது பெரும்பாலும் சிடிசி தூள். சப்ரகமுவையின் தாழ்நிலத் தேயிலையைக் குடித்துப் பழகிய நாக்குக்கு அது ஒத்துவராது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

இந்த முகாம் வாழ்க்கை துப்பாக்கியோடு பிறந்தது. 1840களில் இலங்கைக் காடுகளில் வெள்ளை அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் கூடாரம் அடித்து யானை சுட்டார்கள். மேஜர் ரொஜர்ஸ் என்பவர் மட்டும் 1400க்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார், கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. நுவரெலியாவில் குடியேறி வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் பிறகு ஆபிரிக்காவுக்குப் போய், 1864இல் அல்பர்ட் ஏரியைக் கண்ட முதல் ஐரோப்பியர் என்று பெயர் வாங்கினார். ஆபிரிக்க வேட்டை முகாமைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதில் கொஞ்சம் நம் மலைகளிலும் பழகிப் பார்க்கப்பட்டது என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

1909இல் அமெரிக்க ஜனாதிபதிப் பதவியிலிருந்து இறங்கிய கையோடு தியடோர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆபிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனார். கூடாரம், குளியல்தொட்டி, புத்தகப்பெட்டி எல்லாவற்றையும் சுமக்க 200க்கு மேற்பட்ட சுமையாட்கள். அவர் மொம்பாசாவிலிருந்து ஏறிப்போன ரயில்பாதையை 1896 முதல் 1901 வரை போட்டவர்கள், இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூலிகள். அந்தப் பாதையின் சாவோ ஆற்றுப் பாலத்தடியில் கூடாரத்தில் தூங்கியவர்களை 1898இல் இரண்டு சிங்கங்கள் இழுத்துக்கொண்டு போயின. அந்தக் கூடாரங்களுக்கு யாரும் வாடகை கொடுக்கவில்லை.

கென்யா 1977இல் வேட்டையைத் தடைசெய்தது. துப்பாக்கி இருந்த கையில் கமரா வந்தது. மற்றதெல்லாம் அப்படியே நின்றது. அதே கான்வஸ், அதே மடக்கு நாற்காலி, இருட்டினதும் நெருப்பைச் சுற்றி அதே வட்டம்.

இவ்வளவும் கேட்டபின் அவனுக்குப் பயம் வந்தது, விலங்கைப் பற்றி. அங்கே பெரும்பாலான முகாம்களுக்கு வேலி கிடையாது. யானை நடுவால் நடந்து போகும், சிங்கம் கத்துவது தலைமாட்டில் கேட்பது போல இருக்கும். மூடியிருக்கும் கூடாரத்தை விலங்குகள் ஒரு கட்டியான பொருளாகவே எடுத்துக்கொள்கின்றன, பொதுவாக ஆளைத் தேடிக் கிழித்துக்கொண்டு வருவதில்லை. இரண்டு விஷயம் அதைக் கெடுக்கும். ஒன்று, உள்ளே பழமோ பிஸ்கட்டோ வைத்திருப்பது. மற்றது, ஜிப்பைத் திறந்துபோட்டுத் தூங்குவது. இருட்டியபிறகு விருந்தாளி தனியாக நடக்கக்கூடாது. ரோந்துக்காரர் டோர்ச்சோடு வந்து சாப்பாட்டுக் கூடாரத்துக்குக் கூட்டிப்போவார், திரும்பக் கொண்டுவந்தும் விடுவார். மாராப் பக்கத்தில் அது பெரும்பாலும் ஈட்டி பிடித்த மசாய் இனத்துக்காரர். விருந்தாளிக்கு ஒரு விசில் கொடுத்திருப்பார்கள், ஏதாவது என்றால் ஊதவேண்டும்.

ஆனால் அந்தப் பெரிய விலை கட்டிலுக்கோ விசிலுக்கோ அல்ல, இடத்துக்கு. மாராவை ஒட்டிய ஒல் கின்யெய் காப்பகத்தில் வைத்திருக்கும் கணக்கு, 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம், ஒரு முகாமில் அதிகபட்சம் 12 கூடாரம். பொட்ஸ்வானா அரசும் இதே வழிதான்: ஆட்களைக் குறை, காசைக் கூட்டு. நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ். மலையகத் தனிவீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்றுதான் கொடுக்கத் தொடங்கினார்கள். அப்படியானால் அங்கே ஒரு கட்டில் போட்ட நிலத்தில் இங்கே 16,000 குடும்பத்துக்குக் காணி பிரிக்கலாம். பையன் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு போனை எடுத்துப் பெருக்கிச் சரிபார்த்தான். சரியாகத்தான் வந்தது. அவன் பிறந்த லயக்காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி.

விருந்தாளி வாங்குவது வேறு மனிதன் கண்ணில் படாத வெளியை. அது தானாக அமைவதில்லை. ஒல் கின்யெயில் நிலம் மசாய்க் குடும்பங்களுடையது, முகாம் நடத்துபவர்கள் குத்தகை கொடுக்கிறார்கள், மாடு மேய்ப்பதற்கு நேரமும் இடமும் கட்டுப்பாடு. குத்தகை ஒழுங்காக வந்தால் அதை நான் குறை சொல்லமாட்டேன், வறட்சியில் மாடு செத்தாலும் அந்தக் காசு வீட்டுக்கு வரும். எல்லா இடத்திலும் இப்படி அல்ல. தன்சானியாவில் 1959இல் செரெங்கெட்டிக்குள் இருந்த மசாய்க்காரர்களை அங்கிருந்து கிளப்பி இங்கொரொங்கோரோ பக்கம் அனுப்பினார்கள், அந்த இடத்திலிருந்தும் எழும்பச் சொல்லி அண்மைக்காலம் வரை சச்சரவு. விளம்பரப் படத்தில் மனிதன் கை படாத காடு என்று போடுவார்கள். கை பட்டவர்களை வெளியே அனுப்பியபிறகு எடுத்த படம் அது.

உடவளவைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1960களில் வளவை ஆற்றை மறித்து அணை கட்டினார்கள், நீர்த்தேக்கத்தைக் காக்கவும் இடம்பெயர்ந்த விலங்குகளுக்கு ஒதுக்கவும் 1972 ஜூன் 30ஆம் திகதி சுமார் 308 சதுர கிலோமீற்றரைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்குள் சேனைப் பயிர் செய்துகொண்டிருந்தவர்கள் வெளியேறவேண்டி வந்தது. சேனை கைவிடப்பட்ட இடத்தில் புல் வளர்ந்தது. அந்தப் புல்வெளியால்தான் வருஷம் முழுக்க யானையை அவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிகிறது. நீரில் மூழ்கி வெள்ளை வெள்ளையாக நிற்கும் பட்டமரங்களும் அந்த அணையின் மிச்சம்தான்.

ஆபிரிக்கா மாதிரி என்று சொல்லி விற்கிறார்கள், பாதி உண்மை. அங்கே முகாம் காட்டுக்குள், வேலி இல்லாமல். இங்கே சொகுசுக் கூடாரங்கள் பெரும்பாலும் பூங்காவுக்கு வெளியே, காட்டோரக் காணிகளில். காலை ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போது உங்கள் விருந்தாளியின் ஜீப்பும் மற்ற ஜீப்புகளோடு வரிசையில் நிற்கும், மாலை ஆறுக்கு எல்லோரும் வெளியே. உள்ளே தங்கவேண்டுமானால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முகாம் இடம் பதிந்து, அவர்கள் விதிப்படி இருக்கவேண்டும். அணைக்கட்டு வீதியோரம் மின்வேலிக்கு அந்தப்பக்கம் நின்று வழிப்போக்கரிடம் பழம் வாங்கித் தின்று பழகிய ராம்போ என்ற ஆண் யானையை அந்த வீதியால் போன பஸ் பயணிகளுக்கெல்லாம் தெரியும். வேலிக்கு இந்தப்பக்கம் நெல்லும் வாழையும் மனிதரும் நெருங்கிக் கிடக்கிறார்கள். அண்மைய ஆண்டுகளில் நாடு முழுவதும் யானை மனிதர் மோதலில் ஆண்டுக்கு நூற்றுக்கு மேற்பட்ட மனிதர் சாகிறார்கள், எல்லாக் காரணத்தாலும் சேர்த்து முந்நூறுக்கு மேற்பட்ட யானைகள் சாகின்றன. இவ்வளவு நெருக்கமான நாட்டில் 700 ஏக்கருக்கு ஒரு கட்டில் நடக்காத கதை. ஆகவே நம் முகாம்களில் விற்கக்கூடியது வெளி அல்ல, கவனிப்பு.

நம்மவர்களிலேயே இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்கள் தேயிலைக்காரர்கள்தான். டில்மா குடும்பம் 2005இல் பொகவந்தலாவைப் பக்கத்துப் பழைய துரை பங்களாக்களை டீ ட்ரெயில்ஸ் என்ற பெயரில் சொகுசு விடுதியாக்கியது. 2017இல் அதே குடும்பம் யால கடலோரத்தில் வைல்ட் கோஸ்ட் என்று 28 பெரிய கூடாரங்களைத் திறந்தது. பங்களாவிலும் கூடாரத்திலும் விற்பது ஒன்றே, துரைக்குக் கிடைத்த பணிவிடை. அதைச் செய்து பழகிய கைகள் யாருடையவை என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. அதனால் மருமகனிடம், இது புதுத் தொழில் என்று மிரளாதே, ஆனால் அப்புமார் காலத்து மாதிரி வாய் மூடியும் நிற்காதே என்றேன்.

அதன்பிறகுதான் சம்பளப் பேச்சு வந்தது. கையெழுத்துப் போடுமுன் சிலதைக் கேட்கச் சொன்னேன். பில்லில் சேர்க்கும் 10 வீத சேவைக் கட்டணம் மாதாமாதம் பிரிக்கப்படுகிறதா, எந்தக் கணக்கில்? ஆபிரிக்க முகாம்களில் வழிகாட்டிக்குத் தனியாகவும், சமையல், துவைப்பு, தண்ணீர் ஊற்றுகிறவர் எல்லோருக்கும் பொதுப்பெட்டியிலும் விருந்தாளிகள் காசு போடுவார்கள், இங்கே அப்படி ஒரு பெட்டி உண்டா, அதைத் திறந்து எண்ணுவது யார்? இரவு டியூட்டியில் ஒருவர் தனியாகவா, இரண்டு பேராகவா? பாம்பு கடித்தால் எம்பிலிப்பிட்டிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நிற்கிற வாகனம் எது, அதன் சாவி யாரிடம்?

"லீவு?" என்றான். அங்கே மூன்று மாதம் வேலை, ஒரு மாதம் வீடு என்ற முறை உண்டு. இங்கே இறக்குவானை இரண்டு பஸ் தூரம், மாதம் ஒருதரம் நான்கு நாள் சேர்த்துக் கேள், தீபாவளியை எழுத்தில் வாங்கிக்கொள் என்றேன்.