ஒரே அறை, இரு அனுபவங்கள்

குடும்ப ஆலோசனைக்குப் பெரும்பாலும் பெண்களே முதலில் முன்வருகின்றனர். தம் சொல்லை ஒருவர் குறுக்கிடாமல் கேட்பதே அவர்களுக்குப் பாதி ஆறுதல். உடன்வரும் ஆண்கள் பலர், குற்றக்கூண்டில் நிற்பதாக உணர்ந்து மௌனமாகின்றனர். அம்மௌனத்தை அலட்சியமென்று கருதி மனைவி மேலும் வற்புறுத்த, கணவர் மேலும் ஒதுங்குகிறார். மனம் திறக்கும் ஆண்களும், வாய்திறக்க அஞ்சும் பெண்களும் உண்டு.

மிலான் நகர மனநல மருத்துவக் குழுவினர் 1980-இல் வகுத்துரைத்த நடுநிலை நெறியின்படி, நாங்கள் எவர் பக்கமும் சாய்வதில்லை. தீர்ப்பு வழங்குவது எம் பணியன்று. இருவரையும் தனித்தனியேயும் சந்திக்கிறோம். வீட்டில் அடியோ அச்சுறுத்தலோ இருப்பின், தனிச்சந்திப்பில் தயங்காது கூறுங்கள். உங்கள் பாதுகாப்பே முதன்மையானது. ஏனையோர், முதல் அமர்வு கசந்தாலும், அடுத்ததற்கு இருவருமாக வாருங்கள்.