லைசென்ஸ் இல்லாத ஆகாயம்

பல்லடத்தில் நம் வீட்டிற்கு இருபுறமும் விசைத்தறிகள். அவற்றின் ஓசைக்குப் பழகிவிட்டோம். சென்ற மாதமோ வேறோர் உபத்திரவம் வந்து சேர்ந்தது. அடுத்த வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பில் பால் சுட வைக்கும்போதெல்லாம் நம் குமாரத்தியின் கைப்பேசிப் பாடம் பாதியில் நின்றுவிடும். "ஏனுங்க வாத்தியாரய்யா, இதுக்கு யார்கிட்டயாவது மனுப் போடலாமுங்களா?" என்று அடுப்புக்காரரே அனுதாபத்துடன் கேட்டார்.

போட முடியாது என்பதுதான் விசித்திரம்.

1933-ஆம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, லைசென்ஸ் இன்றி ரேடியோ வைத்திருப்பதே குற்றமாயிருந்தது. வருஷந்தோறும் தபாலாபீஸில் பணம் கட்டி, சிறு புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டி வாங்கிய அனுபவம் நம் பெற்றோருக்கு உண்டு. 1980-களில்தான் அத்தொல்லை ஒழிந்தது. 1942-ல் பம்பாயில் உஷா மேத்தா முதலியோர் இரகசியமாக நடத்திய காங்கிரஸ் ரேடியோவைப் போலீஸார் சில மாதங்களுக்குள் வேட்டையாடிப் பிடித்தனர். அந்நிய ஸர்க்காருக்கு அலைகளிடம் அவ்வளவு பயம்! சுதந்திரத்திற்குப் பிறகும் நாம் அந்தச் சட்டத்தை வெகுகாலம் பேணி வந்தது பெருமைக்குரியதன்று.

2005 ஜனவரியில் மத்திய ஸர்க்கார், 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைப்பகுதியைக் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் இன்றியே திறந்துவிட்டது. வைஃபையும் புளூடூத்தும் வாழ்வது இங்கேதான். அடுப்பும் 2450-ல் வேலை செய்கிறது; அந்த இடத்தை 1947-ல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச மகாநாடு கைத்தொழில் கருவிகளுக்கென ஒதுக்கிற்று. வைஃபை பெட்டியின் சக்தி ஏறக்குறைய ஒரு வாட்டில் பத்திலொரு பங்கு. அடுப்போ எழுநூறு, எண்ணூறு வாட். கதவிடுக்கில் கசியும் துளியே பெட்டியை அமுக்கிவிடும்.

திறந்துவிட்ட விதியிலேயே நிபந்தனையும் உண்டு: பிறருக்கு இடையூறு செய்யலாகாது, நமக்கு இடையூறு நேர்ந்தால் பாதுகாப்புக் கோரவும் இயலாது. ஊர்ப் புறம்போக்கில் மாடு மேய்ப்பது போலத்தான்.

பரிகாரம் தேடிக் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் 'பூஸ்டர்' ஒன்றை எடுத்து நீட்டினார். செல்பேசி அலையைப் பெருக்கும் அப்பெட்டி இச்சலுகையில் சேராது. கம்பெனிகள் ஏலத்தில் பெருந்தொகை கொடுத்து எடுத்த அலை அது. அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். ஒரு வீட்டுப் பெட்டி தெரு முழுவதின் பேச்சையும் குலைக்கக் கூடும். கடைக்காரரும் இதை அறியார், வாங்குவோரும் அறியார். பள்ளியில் நாமாவது சொன்னோமா என்றால், அதுவும் இல்லை.

முடிவில் பெட்டியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினோம். 2018-ல் அங்கும் 605 மெகாஹெர்ட்ஸ் இடம் இவ்வாறே திறக்கப்பட்டது. அவ்வலைக்குச் சுவரைக் கடக்கும் வலிமை குறைவு. ஆகவே குமாரத்தி அறையை விட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். அடுத்த வீட்டில் பால் வேளை தவறாமல் சுடுகிறது.