உங்களுக்குத் தெரியுமா? – பிரிட்டனின் கவுன்சில் வரியும் வசூல் கெடுபிடியும்

குப்பை அள்ளுவது முதல் முதியோர் பராமரிப்பு வரை பல சேவைகளுக்காகப் பிரிட்டனின் உள்ளாட்சி மன்றங்கள் வாங்குவது கவுன்சில் வரி. கட்ட வேண்டிய வரிதான். ஆனால் கட்ட முடியாமல் தவிப்பவர்களிடம் அதை வசூலிக்கும் விதம்தான் ஓயாத புகார்களுக்குக் காரணம்.

● தலைக்கு இவ்வளவு என்று மார்கரெட் தாட்சர் அரசு போட்ட வரியை எதிர்த்து, 1990 மார்ச்சில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரமே மூண்டது. அந்த வரி ஒழிந்து, 1993 ஏப்ரலில் வந்ததுதான் கவுன்சில் வரி.

● இங்கிலாந்தில் ஒரு வீடு 1991 ஏப்ரல் 1 அன்று என்ன விலைக்குப் போயிருக்கும் என்ற மதிப்பை வைத்துத்தான் வரிப் பிரிவு முடிவாகிறது. அதற்குப் பிறகு கட்டிய வீட்டுக்கும் அதே தேதிதான் கணக்கு.

● வருமானமே இல்லாத ஏழைக்கு முன்பு முழு வரியும் தள்ளுபடி ஆகும். 2013 ஏப்ரலில் அந்தச் சலுகையை மத்திய அரசு நிதியைக் குறைத்து உள்ளாட்சிகளின் தலையில் வைத்தது. முதியோருக்குப் பாதுகாப்பு உண்டு. உழைக்கும் வயதிலுள்ள ஏழைகளிடம் இங்கிலாந்தின் பல கவுன்சில்கள் ஒரு பங்கைக் கேட்கத் தொடங்கின.

● இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1992 விதிகளின்படி, ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் கடிதம் வரும். ஏழு நாளில் கட்டாமல், அடுத்த ஏழு நாளும் கடந்தால், ஆண்டு முழுவதற்குமான மீதித் தொகையை மொத்தமாகக் கட்டச் சொல்லலாம். மாதத் தவணைக்கே வழியில்லாதவர் மொத்தத்துக்கு எங்கே போவார்?

● அடுத்து மாஜிஸ்திரேட் நீதிமன்ற சம்மன். வேலை போனது, உடம்பு சரியில்லை என்ற காரணங்கள் அங்கே எடுபடாது. வரி முறைப்படி கேட்கப்பட்டதா, கட்டப்பட்டதா என்பதை மட்டுமே நீதிமன்றம் பார்க்கும். வழக்குச் செலவும் பாக்கியோடு சேரும்.

● அந்தச் செலவுக் கணக்கை எதிர்த்துப் போராடியவர் பால் நிக்கல்சன் என்ற ஓய்வுபெற்ற பாதிரியார். லண்டன் ஹாரிங்கே கவுன்சில் கேட்ட 125 பவுண்டு எப்படி வந்தது என்ற விவரம் இல்லாமல் அதை அனுமதித்தது தவறு என்று 2015இல் உயர் நீதிமன்றம் சொன்னது.

● நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு பாக்கி, கடனை வசூலிக்க வரும் பெய்லிஃப் கைக்குப் போனால் சுமை இன்னும் ஏறும். 2014 விதிகள் நிர்ணயித்த கட்டணம்: வழக்கு அவர் கைக்கு வந்ததற்கு 75 பவுண்டு, வீட்டுக்கு வந்தால் மேலும் 235 பவுண்டு. சிறிய பாக்கி வைத்தவருக்கு வரியைவிடக் கட்டணமே பெரிதாகிவிடும்.

● கவுன்சில் வரிக்காக முதன்முறை வரும் பெய்லிஃப் கதவை உடைத்து நுழைய முடியாது. காலை 6 முதல் இரவு 9 வரைதான் வரலாம். வீட்டில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மட்டும் இருந்தால் உள்ளே வரக்கூடாது. அடுப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்ற அன்றாடத் தேவைக்கான பொருள்களை ஜப்தி செய்யவும் கூடாது.

● வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ கட்டவில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தால், இங்கிலாந்தில் மூன்று மாதம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. வேல்ஸ் 2019இல் அதை ஒழித்துவிட்டது. ஸ்காட்லாந்தில் கவுன்சில் வரிக்குச் சிறையே கிடையாது. கடனுக்காக ஒருவரைச் சிறையில் அடைப்பது எந்த நாட்டுக்கும் பெருமையல்ல.

● பெய்லிஃப் அத்துமீறினால் அவரை அனுப்பிய கவுன்சிலும் பொறுப்பு. முதலில் கவுன்சிலிடம் புகார் கொடுக்க வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால் இங்கிலாந்தில் உள்ளாட்சி ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) கட்டணமின்றி விசாரிப்பார்.

● வயது வந்தவர் ஒருவர் மட்டுமே வாழும் வீட்டுக்கு 25 சதவீதத் தள்ளுபடி உண்டு. முழுநேர மாணவர்கள் மட்டுமே குடியிருக்கும் வீட்டுக்கு வரியே இல்லை. படிக்கப் போகும் நம் பிள்ளைகள் இதைக் கவுன்சிலுக்குத் தெரிவித்துச் சான்று கொடுக்க வேண்டும். சும்மா இருந்தால் பில் வந்துகொண்டேதான் இருக்கும்.

● 2021 மே முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், கடன் ஆலோசகர் வழியாக விண்ணப்பித்துத் தகுதி பெற்றால், கவுன்சில் வரி பாக்கி உள்ளிட்ட கடன்களின் வசூல் நடவடிக்கைக்கு 60 நாள் வரை தடை கிடைக்கும்.

அங்கே வாழும் உறவினருக்கும் நண்பருக்கும் இதைச் சொல்லுங்கள்: கட்ட முடியாத நிலை வந்தால் முதல் கடிதம் வந்த அன்றே கவுன்சிலைக் கூப்பிட்டுப் பேசுங்கள். சம்மன் வரும்வரை காத்திருக்காதீர்கள்.