சவுண்டு சரி... வசனம் எங்கே சார்?

மனுஷனுக்கு ஆசை எப்போது வரும்? போனஸ் வந்த மறுநாள் வரும்!

எனக்கும் வந்தது. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் சின்ன ஃப்ளாட். ஹாலில் ஒரு டிவி. அதற்கு இரண்டு பக்கமும், கல்யாணத்துக்கு முன்னால் சொந்தக் காசில் வாங்கிய ஒரே சொத்தான ஸ்பீக்கர்கள். அவற்றை ஓட்டிக்கொண்டிருந்த பழைய ஆம்ப்ளிஃபயர், தீபாவளிக்கு மறுநாள் 'டப்' என்று ஒரு சத்தத்தோடு கண்ணை மூடிவிட்டது.

துக்கம் விசாரிக்க வந்த நண்பன், "விடு மச்சி, இதான் சான்ஸ். ரிசீவர் வாங்கிடு. தியேட்டரையே வீட்டுக்குக் கொண்டு வந்துடலாம்" என்றான்.

"தியேட்டர் உள்ள வந்தா நாங்க எங்கே போய் உட்கார்றது?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

நியாயமான கேள்விதான். ஆனால் 1995-ல் 'குருதிப்புனல்' டால்பியிலும், 1996-ல் 'கறுப்பு ரோஜா' டி.டி.எஸ்.ஸிலும் வந்தபோது தியேட்டரில் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு 'யார்டா அது' என்று திரும்பிப் பார்த்த தலைமுறை நாங்கள். அந்த ஆசை அவ்வளவு சீக்கிரம் போகுமா?

பெயரில் என்ன இருக்கிறது?

ரிசீவர் என்றால் என்ன? ஆம்ப்ளிஃபயரோடு ரேடியோவையும் ஒரே பெட்டியில் சேர்த்தார்கள். அலைவரிசையை 'ரிசீவ்' செய்வதால் ரிசீவர். அப்புறம் டிவி, டிவிடி எல்லாவற்றையும் அதிலேயே சொருகும்படி செய்தார்கள். டால்பி, டி.டி.எஸ். ஒலியைப் பிரித்து ஐந்தாறு ஸ்பீக்கர்களுக்குப் பங்கு போடும் வேலையும் அதன் தலையில் விழுந்தது. இன்றைக்கு அதில் ரேடியோ கேட்பவர்கள் எத்தனை பேர்? ஸ்டுடியோ போய்ப் பல வருஷம் ஆகியும் 'ஜெமினி மேம்பாலம்' என்றுதானே சொல்கிறோம். அது மாதிரி பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை உற்சாகமாக ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பினேன். முக்கால்வாசிக் கடைகளில் ஷட்டர்! ஞாயிறு லீவு என்பது, லீவு நாளில் மட்டுமே கடைக்குப் போகிற என்னைப் போன்ற ஆபீஸ் ஆசாமிகளுக்குத் தெரிவதில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி படையெடுப்பு. அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்திலிருந்து சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், கவர்ன்மென்ட் எஸ்டேட். எஸ்டேட் டு எஸ்டேட்!

வாட்ஸ் என்னும் மாயை

"எத்தனை வாட்ஸ் சார் வேணும்?" இதுதான் கடைக்காரரின் முதல் கேள்வி.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் விழுகிறார்கள். 90-களில் உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று ஒட்டி விற்றார்கள், ஞாபகம் இருக்கிறதா? நிஜமாகவே அத்தனை வாட்ஸ் வந்திருந்தால் தெருவே அதிர்ந்திருக்கும். இப்போது அந்த நான்கெழுத்து மறைந்துவிட்டது. வித்தை மட்டும் மறையவில்லை. ஒரே பெட்டிக்கு 70, 100, 135 என்று மூன்று கணக்குச் சொல்வார்கள். மூன்றுமே பொய்யில்லை! ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை மட்டும் கொடுத்து, 10 சதவிகிதம் கரகரப்பையும் பொறுத்துக்கொண்டால் 135. இரண்டு சேனலையும் ஓட்டி, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை சுத்தமாகக் கேட்டால் 70. நீங்கள் பார்க்க வேண்டியது இந்தச் சின்ன நம்பரைத்தான்.

அதுவும் ரொம்பப் பெரிதாக வேண்டியதில்லை. 50 வாட்ஸை 100 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'கொஞ்சம் ஏத்தினாங்களோ?' என்று தோன்றும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்றவேண்டுமானால் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் நாம் சாதாரணமாகக் கேட்பதற்குச் செலவாவது ஒன்றிரண்டு வாட்ஸ்தான்.

அதைவிட முக்கியம், உங்கள் ஸ்பீக்கருக்குப் பின்னால் எழுதியிருக்கும் ஓம்ஸ். ரிசீவரில் '6 முதல் 16 ஓம்ஸ்' என்று போட்டிருக்க, நீங்கள் 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை மாட்டினால், க்ளைமாக்ஸ் நேரத்தில் பெட்டி சூடாகித் தானே அணைந்துவிடும். வில்லன் தப்பித்துவிடுவான்!

இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்க மச்சான் "அங்கே சீப்" என்று வாங்கி வருவதாகச் சொன்னால், பாசத்தோடு மறுத்துவிடுங்கள். அங்கே விற்பது 120 வோல்ட் பெட்டி. நம் ஊர் கரன்ட் 230. நேரே சொருகினால் ரிசீவரும் போகும், மச்சான் உறவும் போகும். கனமான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று தனியாக வேண்டும். அதோடு இங்கே வாரன்ட்டியும் பெரும்பாலும் கிடைக்காது.

அசெம்பிள் செட்டா, கம்பெனி செட்டா?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், கேபினெட் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். கோர்த்து 5.1 செட்டாகக் கொடுக்கவும் ஆள் உண்டு. விலை கம்பெனி ரிசீவரில் ஒரு பங்குதான். வெறும் பாட்டுக் கேட்க, இரண்டு ஸ்பீக்கர் போதும் என்பவர்களுக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். ரிப்பேர் என்றால் பக்கத்துத் தெரு மெக்கானிக்கே பார்த்துவிடுவார்.

நானும் கிட்டத்தட்ட அட்வான்ஸ் கொடுத்திருப்பேன். கொடுக்கவிடாமல் தடுத்தது அப்பாவின் ஞாபகம்.

அப்பா எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். தகடு மேல் பிரஸ் இறங்கும் 'டமால்' சத்தத்துக்கு நடுவே ஒரு ஆயுசு. தினம் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தால் காது கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். முதலில் போவது மேல்ஸ்தாயி. பேச்சில் 'அ', 'ஆ' எல்லாம் கேட்கும். 'ச', 'த', 'ப' கேட்காது. 'சட்டி'யா, 'தட்டி'யா, 'பட்டி'யா என்பது குழப்பம். சத்தம் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை.

அதனால் எங்கள் வீட்டில் டிவி எப்போதும் அலறும். கீழ் வீட்டு மாமி இரண்டு முறை மேலே வந்துவிட்டுப் போனார். அப்படியும் அப்பா பாதிப் படத்தில் திரும்பி, "என்னடா சொல்றான் இவன்?" என்பார். முதல் தடவை விளக்கமாகச் சொல்வேன். இரண்டாவது தடவை சுருக்கமாக. மூன்றாவது தடவை, "ஒண்ணுமில்லப்பா."

அந்த 'ஒண்ணுமில்லப்பா'வைக் கேட்டபிறகு அவர் கேட்கவே மாட்டார். திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். நாங்கள் சிரிக்கும்போது, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாமதமாகச் சிரிப்பார்.

ரிச்சி ஸ்ட்ரீட் நடுரோட்டில் நின்றபோது அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்தது.

தயிர் சாதம் டெஸ்ட்

அப்புறம் கேட்கிற கேள்வியே மாறிவிட்டது. 'எத்தனை வாட்ஸ்?' போய், 'வசனம் எங்கிருந்து வருகிறது?' என்று ஆனது.

5.1 படங்களில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கு, அதாவது சென்டர் சேனலுக்குத்தான் போகிறது. சண்டை, பாட்டு, ஹெலிகாப்டர் எல்லாம் மற்றதற்கு. சென்டரை மட்டும் தனியாக ஏற்ற முடிந்தால், வீடு அதிராமல் பேச்சு மட்டும் முன்னால் வரும். நாமோ புரியவில்லை என்றால் பேஸையும் சேர்த்துத் திருகுகிறோம். பேஸ் கூடக் கூட வசனம் இன்னும் அமுங்கும்.

கம்பெனி ஷோரூமில் டெமோ என்றால் குண்டு வெடிக்கிற சீனைத்தான் போடுவார்கள். "அதை நிறுத்திட்டு, ரெண்டு பேர் உட்கார்ந்து பேசற சீன் போடுங்க தம்பி" என்றேன். பிரியாணிக் கடையில் தயிர் சாதம் கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். ஆனால் போட்டான். நீங்களும் இதைத்தான் கேட்கவேண்டும். குண்டு எந்தப் பெட்டியிலும் வெடிக்கும். பேச்சில்தான் வண்டவாளம் தெரியும்.

அசெம்பிள் செட்டிலும் சென்டருக்குத் தனித் திருகு உண்டு. என்னைக் கம்பெனிப் பக்கம் சாய்த்தவை இரண்டு. ஒன்று, எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. ஒரே ஒயரில் டிவியின் சத்தம் ரிசீவருக்குப் போகும். டிவியை ஆன் செய்தால் ரிசீவரும் விழித்துக்கொள்ளும். டிவி ரிமோட்டே இரண்டுக்கும் போதும். அப்பாவுக்கு மூன்று ரிமோட்டைக் கொடுத்தால் மூன்றையும் டீப்பாயில் வைத்துவிட்டு வாக்கிங் போய்விடுவார்!

இரண்டாவது, கூடவே வரும் குட்டி மைக். யமஹாவில் ஒய்பாவோ, டெனான், மராண்ட்ஸில் ஆடிஸி என்று பெயர். உட்காரும் இடத்தில் மைக்கை வைத்தால், ரிசீவர் தானே 'பீப் பீப்' என்று அளந்து ஒவ்வொரு ஸ்பீக்கரையும் சரிசெய்துகொள்ளும். சில அடிமட்ட மாடல்களில் இருக்காது. கேட்டு வாங்குங்கள்.

"7.1 எடுங்க சார், ஃப்யூச்சருக்கு ஆகும்" என்றார் ஷோரூம்காரர். எங்கள் சோபாவுக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது, ஃப்யூச்சர் இல்லை! 5.1 போதும். அதிலும் காசு பத்தாததால் சென்டர் ஸ்பீக்கர் மட்டும் வாங்கினேன். மெனுவில் 'பின்னால் ஸ்பீக்கர் இல்லை' என்று சொல்லிவிட்டால், அந்தப் பங்கையும் முன்னால் இருப்பவற்றுக்கே அது கொடுத்துவிடும். மீதி அடுத்த போனஸுக்கு.

'அ' முதல் 'ஃ' வரை

வீட்டுக்கு வந்ததும் மைக்கை வைத்தது அப்பாவின் நாற்காலியில், அவர் காது உயரத்தில். அளந்து முடித்ததும், மெனுவுக்குள் போய் சென்டரை மட்டும் 4 டெசிபல் ஏற்றினேன். அதற்குள் அம்மா ரிசீவர் மேல் பூப்போட்ட துணி விரித்து, தஞ்சாவூர் பொம்மையையும் வைத்திருந்தாள்! மன்றாடி எடுக்கவேண்டியதாயிற்று. இந்தப் பெட்டிகள் நன்றாகச் சூடாகும். மேலே சில அங்குலமாவது காற்றோட்டம் வேண்டும்.

முதல் படம், 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை'. அந்தக் காலத்து ஒற்றை டிராக் ஒலிதான். சரவுண்ட் மோடில் போட்டால் அதுவும் நடு ஸ்பீக்கரில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. டிவி சத்தம் வழக்கத்தில் பாதிகூட இல்லை. பாலையாவிடம் நாகேஷ் கதை சொல்ல ஆரம்பித்தார்.

அப்பா சிரித்தார். எங்களுக்கு முன்னால்!

"அப்ப என் காது நல்லாத்தான்டா இருக்கு. இத்தனை நாளா டிவிதான் சரியில்ல" என்று அம்மாவைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை. ரிசீவர் காது மெஷின் இல்லை என்று எனக்குத் தெரியும். காது டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன வயசாயிடுச்சா?" என்று இரண்டு வருஷமாகத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தவர்.

ஆனால் மறுநாள் காலை, நான் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன்டா... அந்தக் காது டாக்டர்னு சொன்னியே, சனிக்கிழமை இருப்பாரா?"

"இருப்பாருப்பா. ஏன், திடீர்னு?"

"ஒண்ணுமில்ல" என்றார் அப்பா. "நேத்து பாலையா பேசினது எல்லாம் புரிஞ்சுது. நீ பேசறதும் புரிஞ்சா நல்லா இருக்குமேன்னுதான்."