பழைய கம்ப்யூட்டருக்குப் புது வாழ்வு!

இல்லாதவர்களுக்கு உதவும் தொண்டர் படை

பட்டுப்புடவை கிழிந்து போனாலும் அதன் சரிகைக்கு மதிப்பு உண்டு. பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர் தெருவில் குரல் கொடுத்தால், காஞ்சீபுரத்துப் பெண்கள் சும்மா தூக்கிக் கொடுத்து விடமாட்டார்கள். பேரம் பேசித்தான் கொடுப்பார்கள்.

பழைய கம்ப்யூட்டருக்கு இந்த மரியாதை இல்லை. நாலைந்து வருடம் ஆனதும், "மெதுவாக ஓடுகிறது" என்று ஒதுக்கி விடுகிறார்கள். கொஞ்ச நாள் பரணில் கிடக்கும். பிறகு பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

கடைக்காரர் அதை உடைத்தால் கிடைப்பது கொஞ்சம் செம்பும் தகரமும்தான். பழுது பார்த்து ஓட வைத்தாலோ, ஒரு பிள்ளையின் படிப்புக்கே அது துணையாக நிற்கும்.

அந்தத் துணை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020-ம் ஆண்டு எல்லோரும் பார்த்தார்கள். கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. பாடம் செல்போனில் நடந்தது. வீட்டில் இருப்பது ஒரே போன். அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால், பிள்ளைக்கு அன்று பாடம் இல்லை!

பழைய கம்ப்யூட்டரைத் தானமாக வாங்கி, பழுது பார்த்து, இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் தொண்டர் குழுக்கள் உலகில் பல ஊர்களில் இருக்கின்றன.

ஆறாவது கம்ப்யூட்டர் உனக்கு!

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லண்டு என்ற நகரம் இருக்கிறது. அங்கே 2000-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி, பூமி தினத்தன்று, "பிரீ கீக்" என்ற அமைப்பு தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், பழைய மின்னணுப் பொருட்களை வாங்கி வைக்க நிரந்தரமாக ஓர் இடத்தைத் திறந்தார்கள்.

இந்த அமைப்பு வகுத்த ஏற்பாடு புதுமையானது. கையில் காசு இல்லாதவர் 24 மணி நேரம் அங்கே தொண்டு செய்தால் போதும் என்று இருந்தது. ஒரு கம்ப்யூட்டர் அவருக்குக் கிடைத்தது.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. தொண்டர் ஒருவர் ஐந்து கம்ப்யூட்டர்களைப் பிறருக்காகப் பூட்டித் தர வேண்டியிருந்தது. ஆறாவதாகப் பூட்டியதைத் தன் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடிந்தது.

இதில் நன்மை இரண்டு. கம்ப்யூட்டர் கையில் கிடைத்தது. அது கெட்டுப் போனால் சரி செய்யும் வித்தையும் கூடவே வந்து விட்டது. வாங்கியவர் அதைப் பிச்சையாக வாங்கவில்லை. உழைத்து வாங்கினார்.

கனடா நாட்டில் 1993-ல் "பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர்" என்ற திட்டம் பிறந்தது. அரசாங்கத்துடன் சேர்ந்து அதைத் தொடங்கியவர்களில், டெலிபோன் கம்பெனி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு. லண்டனில் 1997-ல் "கம்ப்யூட்டர் எய்டு" என்ற தொண்டு நிறுவனம் உருவாயிற்று. அது பழுது பார்த்த கம்ப்யூட்டர்கள் கடல் கடந்து பல நாடுகளுக்குச் சென்றன.

மாட்டின் பல்லைப் பார்!

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பது பழமொழி. கம்ப்யூட்டர் தானத்தில் இந்தப் பழமொழி செல்லாது. இங்கே பல்லைப் பிடித்துப் பார்த்தே தீர வேண்டும்.

காரணம் என்ன?

ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டின் லாகோஸ் துறைமுகத்தில் பழைய கம்ப்யூட்டர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. அதைப் பற்றி 2005-ல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. வந்தவற்றில் நூற்றுக்கு 75 வரை உதவாதவை என்று உள்ளூர் வியாபாரிகளே சொன்னார்கள். அவை குப்பை மேட்டுக்குப் போயின. தீயில் எரிந்தன.

அந்தப் புகை சாதாரணப் புகை அல்ல. பழைய காலத்துப் பெரிய டி.வி. போன்ற மானிட்டரில் கிலோக் கணக்கில் ஈயம் இருக்கும். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிகளை எரித்தால் விஷப் புகை கிளம்பும். பாதிக்கப்படுவது அங்கே வேலை செய்யும் ஏழைகள்தான்.

2022-ம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 பங்குதான்.

ஆகவே, ஓடாத கம்ப்யூட்டரை ஏழைக்குக் கொடுப்பது தர்மம் அல்ல. நம் வீட்டுக் குப்பையை அவர் வீட்டில் கொட்டுவது!

எப்படிப் பழுது பார்க்கிறார்கள்?

கம்ப்யூட்டர் வந்ததும் முதலில் தரம் பிரிக்கிறார்கள். உதவாததை மறுசுழற்சிக்கு அனுப்புகிறார்கள். அதிலும் நல்ல பாகங்களைக் கழற்றி வைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த வேலை மிக முக்கியம். பழைய சொந்தக்காரரின் தகவல்களை அழிக்க வேண்டும். போட்டோ, வங்கிக் கணக்கு, கடிதம் எல்லாம் உள்ளே இருக்கும். "அழித்து விட்டேனே" என்பார்கள். அது போதாது. புத்தகத்தில் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்தது போன்றது அது. உள்ளே எல்லாப் பக்கங்களும் அப்படியே இருக்கும்! அதனால், தகவல் இருந்த இடம் முழுவதிலும் வேறு எழுத்துக்களை எழுதி மறைக்கிறார்கள். இதற்கென்றே தனி மென்பொருள் இருக்கிறது.

பிறகு பெட்டியைத் திறக்கிறார்கள். விசிறியில் தூசு அடைத்திருந்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் வேகம் குறையும். பல கம்ப்யூட்டர்கள் தூசு தட்டியதுமே தெளிந்து விடுகின்றன. தேதியும் நேரமும் மறந்து போகும் கம்ப்யூட்டருக்கு, காசு போன்ற ஒரு சிறு பாட்டரியை மாற்றினால் போதும். உப்பிப் போன லேப்டாப் பாட்டரியை மட்டும் யாரும் நோண்டக் கூடாது. தீப்பிடிக்கும். அதைப் பத்திரமாக அப்புறப்படுத்துகிறார்கள்.

"ராம்" என்ற நினைவகத்தைக் கூட்டுவது உண்டு. சுழலும் பழைய ஹார்டு டிஸ்கை எடுத்து விட்டு "எஸ்.எஸ்.டி." பொருத்தினால், ஆமை போல நகர்ந்த கம்ப்யூட்டர் முயல் போல ஓடும்.

கடைசியில் பல மணி நேரம் தொடர்ந்து ஓட விட்டுச் சோதிக்கிறார்கள். அதில் தேறினால்தான் வெளியே போகும்.

காசு கேட்காத மென்பொருள்

பெட்டி சரியானால் போதாது. உள்ளே ஓடும் மென்பொருளும் வேண்டும். "விண்டோஸ் 10" மென்பொருளுக்கு அளித்து வந்த இலவசப் பாதுகாப்பு உதவியை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதியுடன் பொதுவாக நிறுத்தி விட்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றை "விண்டோஸ் 11" ஏற்றுக்கொள்வதில்லை.

இங்கே கை கொடுப்பது "லினக்ஸ்". பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கி வைத்தது. இன்று உலகம் முழுவதும் பலர் கூடி வளர்க்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கிறது. அதன் இலகுவான வகைகள் பழைய கம்ப்யூட்டரிலும் நன்றாக ஓடுகின்றன. தமிழில் எழுதலாம், படிக்கலாம்.

இதைப் பரப்ப நம் நாட்டிலும் தொண்டர்கள் உண்டு. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998 ஜனவரியில் தொடங்கியது. காஞ்சீபுரத்தின் பெயரிலும் அப்படி ஒரு குழு அமைந்தது.

தறி சொல்லும் பாடம்

கம்ப்யூட்டர் காஞ்சீபுரத்துக்கு அன்னியம் அல்ல. தறியின் மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பாருங்கள். துளை போட்ட அட்டைகள் சொல்கிறபடி நூல்கள் எழும்பி, புடவைக் கரையில் அன்னமும் மயிலும் விழுகின்றன. பிரான்சு நாட்டின் பட்டு நகரமான லியோனைச் சேர்ந்த ஜக்கார்டு, 1804-ல் செய்து முடித்த கருவி அது. துளை அட்டையில் கணக்கைப் பதியும் முறை பிற்காலத்தில் கம்ப்யூட்டருக்கும் வந்தது. அந்த வகையில், தறிக்குக் கம்ப்யூட்டர் தம்பி முறை!

தறியில் நாடா தேய்ந்தால் நாடாவைத்தான் மாற்றுவார்கள். தறியைத் தூக்கி எறிய மாட்டார்கள். அண்ணனுக்கு உள்ள நியாயம் தம்பிக்கும் உண்டு அல்லவா?

தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கியது. பின்வந்த ஆண்டுகளில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு லேப்டாப் போயிற்று. முதலில் கொடுத்தவற்றுக்கு வயது பத்தைத் தாண்டி விட்டது. வாங்கிய மாணவர்கள் வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகியிருக்கும். லேப்டாப் எங்கே?

காஞ்சீபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் 1993 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கம்ப்யூட்டர் என்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சுற்றிலும் நெசவாளர் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு மேஜை, நாலு திருப்புளி, வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தொடங்குவதற்கு இவை போதும். போர்ட்லண்டில் நடந்தது ஏனாத்தூரிலும் நடக்கலாம்.

கொடுக்க நினைப்பவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். தேவையான தகவல்களைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜரையும் சேர்த்துக் கொடுங்கள். கடவுச்சொல்லை நீக்கி விடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், சீக்கிரம் கொடுப்பது. கம்ப்யூட்டர் பழைய பட்டுப்புடவை அல்ல. பரணில் இன்னும் ஐந்து வருடம் கிடந்தால், தானமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் இருக்காது!