மச்ச நியாயமும் நாமக்கல் கோழியும்

பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவதை உவமையாகக் கொண்டு, தண்டிக்க அரசனில்லாத தேசத்தின் நிலையை மச்ச நியாயம் என்று நம் முன்னோர் அழைத்தனர். கௌடில்யரின் அர்த்த சாஸ்திரத்திலும் இவ்வுவமை காணப்படுகிறது. ஆனால் கடலின் நடைமுறையை ஆராயுமிடத்து, மீன்களின் மீது நாம் சுமத்திய குற்றம் ருஜுவாகவில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

கடலைக் காணாத சேலம், நாமக்கல் சமவெளியில் இருந்துகொண்டு கடல் மீனைப் பற்றி எழுதுவானேன் என்று நமது வாசகர்கள் வினவலாம். அதற்குரிய விடை நம் கோழிப் பண்ணைகளிலேயே இருக்கிறது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

வஞ்சிரம், மத்தி நெத்திலிக் கூட்டங்களைத் துரத்திச் சென்று கூரிய பற்களால் கவ்வி உண்ணும். சூரை ஒரு கணமும் ஓய்ந்து நில்லாது. நீந்தினால்தான் அதன் செவுள்களில் நீர் பாய்ந்து சுவாசம் நடைபெறும். ஓயாது உழைக்கும் அவ்வுடலுக்கு ஆகாரமும் மிகுதியாக வேண்டியிருக்கிறது. சுறாவோ, இரையின் உடலினின்றும் எழும் நுண்ணிய மின்சாரத்தையும் உணர்ந்து அதனைக் கண்டுபிடிக்க வல்லது. இவையெல்லாம் கொல்லும் மீன்களே, ஐயமில்லை. எனினும் வயிறு நிறைந்த சுறா நாளைக்கென்று பத்தாயம் கட்டுவதில்லை. அதன் வாயில் பெரும்பாலும் நோயுற்றதும் தளர்ந்ததுமான மீனே முதலில் அகப்படுகிறது. ஓரினம் மட்டும் அளவுமீறிப் பெருகி மற்றவற்றின் உணவைக் கவராதபடி காப்பதும் இப்பெரு மீன்களே. கடலில் அரசனில்லை என்பது பிழை; அரசனும் தண்டமும் இவ்வுருவில் இருக்கின்றன.

இவ்வாட்சிக்கு ஆதாரம் சிறு மீன். ஒரு படியில் உண்ணப்படும் உணவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே அடுத்த படியில் உடலாகிறது என்பது விஞ்ஞானிகளின் பொதுக் கணக்கு. அவ்வாறாயின் 1 கிலோ வஞ்சிரம் வளர 10 கிலோ சிறு மீனும், அச்சிறு மீன் வளர 100 கிலோ நுண்ணிய மிதவை உயிர்களும் வேண்டும். அடிப்படியைப் பெயர்த்தெடுத்தால் மேற்படி நிற்குமா?

இனி நம் விஷயத்துக்கு வருவோம். 1997-இல் சேலத்தினின்றும் பிரிந்த நாமக்கல் ஜில்லா, தினந்தோறும் கோடிக்கணக்கான முட்டைகளை நாட்டுக்கு அளிக்கிறது. ஏழைக் குழந்தைகளின் சத்துணவிலும் அம்முட்டை சேர்கிறது. இது நமக்குப் பெருமையே. கோழித் தீவனத்தில் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் முக்கியமெனினும், கருவாட்டுத் தூளும் சேர்க்கப்படுவதுண்டு. அத்தூள் எங்கிருந்து வருகிறது? விசைப்படகுகளின் இழுவலையில் அகப்பட்டு, உண்ண உதவாதென்று கரையில் உலர்த்தப்படும் சிறு மீன்களிலிருந்து வருகிறது. அக்குவியலில் வளராத மீன்குஞ்சுகளும் கலந்திருக்கின்றன. ஆகவே வஞ்சிரமும் நம் கோழியும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கின்றன. அப்பந்தியில் பரிமாறப்படுவது நாளைய வஞ்சிரத்தின் குஞ்சாகவும் இருக்கலாம்!

இதன் விளைவைப் பெரு தேசம் அனுபவித்தது. அந்நாட்டு நெத்திலி மாவாக்கப்பட்டு அயல்நாட்டுக் கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் உணவாயிற்று. 1970-இல் 1 கோடியே 20 லட்சம் டன் அளவிலிருந்த பிடிப்பு, 1973-இல் 20 லட்சம் டன்னுக்கும் கீழே வீழ்ந்தது. கடல்நீர் வெப்பமடைந்த காலத்திலும் பேராசை அடங்காததே காரணம். அம்மீனை நம்பி வாழ்ந்த கடற்பறவைகளும் திரள்திரளாக மடிந்தன. நம் அண்டையிலுள்ள கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் 3,500 டன்னுக்கும் குறைந்தது. பின்னர் ஓரளவு மீண்டதெனினும், எச்சரிக்கை எச்சரிக்கையே.

நம் மாகாணத்தில் சட்டமில்லையா? இருக்கிறது. 1983-ஆம் வருஷத்திய கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் அமலில் உள்ளது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. ஆனால் 61 நாள் காத்த குஞ்சை 62-ஆம் நாள் சிறுகண் வலையில் வாரினால், விரதமிருந்து விருந்தில் அதனைத் தீர்த்துக்கொண்ட கதையாகும்.

கருவாடு உலர்த்திப் பிழைக்கும் கடற்கரைப் பெண்களின் அடுப்பில் நீரூற்ற வேண்டுமென்று நாம் கூறவில்லை. மலிந்த முட்டையை விலையேற்றவும் நாம் விரும்பவில்லை. வலைக்கண்ணின் அளவைச் சர்க்கார் கண்டிப்புடன் பரிசோதிக்க வேண்டும். மூட்டையில் வருவது எத்தகைய மீன் என்று பண்ணைக்காரர் கேட்டறிந்து, குஞ்சு மீனை மறுக்க வேண்டும். வாங்குவோரில்லாத சரக்கை எவரும் வலைபோட்டு வாரார். இவ்விஷயத்தில் கடற்கரைக்கில்லாத அதிகாரம் நம் சமவெளிக்கு இருக்கிறது.

பசி தீர்ந்ததும் பெரிய மீன் நிறுத்திக்கொள்கிறது. நிறுத்தத் தெரியாதவர் நாமே. மச்ச நியாயம் என்னும் பெயர் யாருக்குப் பொருந்தும் என்பதை வாசகர்களே தீர்ப்புச் செய்வார்களாக.